மூன்றாம் பக்கத்துக்கும் நான்காம் பக்கத்துக்கும் நடுவே

மரக்காணம்
3 மார்ச் 2025

என் அக்கா பெற்ற ஒரே மகனும் தாய்லாந்து தேசத்தில் மீன் கம்பெனி சூப்பர்வைசருமாகிய மாப்பிள்ளை கௌதமனுக்கு, தாய்மாமன் முருகையன் எழுதுவது.

இங்கே உன் அம்மா ராசம்மாள் நன்றாக இருக்கிறாள். நீ கேட்டுக்கொண்டபடி விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை, அதனால்தான் நன்றாக இருக்கிறாள்.

இனிமேல் போன் செய்யாதீர்கள், எழுதுங்கள் என்று நீ சொன்னதில் எனக்கு வருத்தம்தான். நான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதும், செல்லப்பன் டீக்கடையில் நாலு பேர் காது கொடுப்பதும் உண்மை. கொடுத்தால் என்ன? அறிவு நாலு பேருக்குப் பயன்படட்டுமே. இருந்தாலும் உன் இஷ்டம். நான் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு, இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம். கடிதம் எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விசா ஆபீஸில் கவர் வைத்தாய், அந்த ஆபீஸர் கூச்சல் போட்டு போலீஸைக் கூப்பிட்டுவிட்டான், இப்போது ஜாமீனில் இருக்கிறாய், பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. அவ்வளவுதானே? மாப்பிள்ளை, ஓர் ஆபீஸர் கோபப்பட்டால் அதற்கு ஒரே அர்த்தம், தொகை போதவில்லை. இரண்டு மடங்கு ஆக்கு. ஜட்ஜ் வரைக்கும் போனாலும் பயப்படாதே. மரக்காணம் உப்பு முதல் தரமாக ஒரு மூட்டை அனுப்புகிறேன், ஜட்ஜ் வீட்டு அம்மா போடுகிற ஊறுகாய் ஆயுசுக்கும் கெடாது.

உன் பாஸ்போர்ட்டுக்கு நான் எத்தனை பேரை மடக்கினேன் என்று மறந்துவிட்டாயா? நாலு பேர். கடைசி ஆள் என்னைப் பார்த்து, "முருகையன் சார், உங்க கை ராசியான கை" என்று எழுந்து நின்று சொன்னார். உனக்குச் சொல்லிக் கொடுத்த முறையில் நீ எங்கோ பிசகியிருக்கிறாய். விண்ணப்பத்தில் மூன்றாம் பக்கத்துக்கும் நான்காம் பக்கத்துக்கும் நடுவேதானே கவரை வைத்தாய்? வாயைத் திறந்தாயா? சுவரில் இருக்கிற நாட்காட்டியைப் பார்த்தாயா, இல்லை ஆபீஸர் முகத்தைப் பார்த்தாயா? விவரமாக எழுது. எங்கே தப்பு என்று சொல்கிறேன்.

உன் மாமன்
முருகையன்


சமுத் சாகோன், தாய்லாந்து
20 மார்ச் 2025

மாமா,

கடிதம் கிடைத்தது. விவரம் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

என் விசா முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கம்பெனியில் சரக்கு ஏற்றும் வேலை, தேதியைக் கவனிக்கவில்லை. அந்தத் தாமதம் பாஸ்போர்ட்டில் ஏறினால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அன்று காலையில் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் கவர் வைக்கச் சொன்னீர்கள். பழைய தேதி போட்டு விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று இந்த நாட்டுப் பணம் ஐயாயிரம் பாட் கவரில் வைத்தேன். மூன்றாம் பக்கத்துக்கும் நான்காம் பக்கத்துக்கும் நடுவேதான் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. சுவரைத்தான் பார்த்தேன். அங்கே நாட்காட்டி இல்லை. 'இந்த அலுவலகத்தில் பரிசு எதுவும் ஏற்பதில்லை' என்று இரண்டு மொழியில் எழுதி மாட்டியிருந்தார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் அவர் கவரை எடுத்து மேசை மேல் வைத்து, மேலதிகாரியைக் கூப்பிட்டுவிட்டார். கூச்சல் எதுவும் போடவில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டார்.

நான்கு நாள் தாமதத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு ஐந்நூறு, மொத்தம் இரண்டாயிரம் பாட். கட்டினால் ரசீது தருவார்கள்.

இந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் 144ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர் தன் கடமைக்கு மாறாக ஒன்றைச் செய்யவோ செய்யாமல் விடவோ பணம் கொடுத்தால் குற்றம். கொடுக்கிறேன் என்று நீட்டினாலே குற்றம். கொடுக்கச் சம்மதித்தாலும் குற்றம். அவர் வாங்கினாரா, வேலை முடிந்ததா என்ற கேள்வியே கிடையாது. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். என் வக்கீல் கனிட்டா இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் எனக்கு ஏறியது. நம்மிடம் வாங்கினவன்தான் கெட்டவன், கொடுத்தவன் பாவம் என்றே நான் வளர்ந்திருக்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒப்புக்கொண்டால் தண்டனையைப் பாதியாகக் குறைக்கலாம், இதற்கு முன் குற்றம் செய்யாதவன் என்றால் சிறைக்கு அனுப்பாமல் நிறுத்தியும் வைக்கலாம். என் பழைய நடத்தையை விசாரித்து அறிக்கை தர ஓர் அதிகாரியைக் கோர்ட் நியமித்திருக்கிறது. தீர்ப்பு ஜூன் 11.

இப்போது கஷ்டம் அந்த அறிக்கையில்தான். என் போனைப் பறிமுதல் செய்தார்கள் இல்லையா? அதில் நீங்கள் குரல் பதிவாகப் பேசி அனுப்பியவை எல்லாம் இருந்தன. மொழிபெயர்த்துப் பதினோரு பக்கம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். "உன் பாஸ்போர்ட்டுக்கே நாலு பேருக்குக் குடுத்தோமே மாப்ள" என்று ஓரிடத்தில் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பையும் எழுதியிருக்கிறார்கள். லஞ்சம் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கியவன், அதே பழக்கத்தில் இங்கேயும் கொடுத்திருக்கிறான் என்று அரசுத் தரப்பு சொல்கிறது.

எதுவும் செய்யாதீர்கள். உப்பு அனுப்பாதீர்கள். அந்த நாலு பேர் விஷயம் உண்மையா என்று மட்டும் எழுதுங்கள்.

கௌதமன்


மரக்காணம்
4 ஏப்ரல் 2025

மாப்பிள்ளைக்கு,

என் பேச்சு அயல்நாட்டு மொழியில் பதினோரு பக்கம்! செல்லப்பனிடம் சொன்னேன். "ஏம்பா முருகையா, அப்போ நீ அங்க எழுத்தாளரா?" என்றான். எதற்காக மொழிபெயர்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பயப்படாதே.

இங்கே இந்த வருஷம் வெயில் நல்ல வெயில். உப்பளப் பாத்தியில் காலையில் விட்ட தண்ணீர் கண்ணெதிரே வெளுக்கிறது. உன் அம்மா விடிந்ததும் அளத்துக்குப் போனால் பத்து மணிக்குத் திரும்புகிறாள். "புள்ள ஏன் முன்ன மாதிரி போன் பண்றதில்ல?" என்று என்னைக் கேட்டாள். தாய்லாந்தில் டவர் எல்லாம் பழுது பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் நடத்தைக்குச் சாட்சி வேண்டும், அதுதானே? கவலையை விடு. வெள்ளைத் தாளில் என் கைப்பட நான்கு பக்கம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். அதில் என்னை மரக்காணம் வட்டார உப்பள உரிமையாளர் சங்கத்தின் கௌரவத் தலைவர் என்று போட்டிருக்கிறேன். அப்படி ஒரு சங்கம் இன்னும் பதிவாகவில்லை, ஆனால் தலைவர் என்று ஒருவர் வேண்டுமானால் நான்தானே. கலெக்டர் போகிற வழியில் ஜீப்பை நிறுத்தி என்னிடம் ஆலோசனை கேட்டதையும் எழுதியிருக்கிறேன். உன்னைப் பற்றி, ஆறு வயதில் கடலில் விழுந்த மூன்று பேரைக் காப்பாற்றினாய் என்று எழுதியிருக்கிறேன். ஜட்ஜ் கண்ணில் தண்ணீர் வராவிட்டால் என் பெயர் முருகையன் இல்லை. நாலு பேர் விஷயத்துக்கு, அவர்களுக்குக் கொடுத்தது லஞ்சம் இல்லை, அன்பளிப்பு என்று நாசூக்காக முடித்துவிட்டேன்.

இன்னொன்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கொடுக்கிறவனுக்கு ஒரு சட்டம், வாங்குகிற ஆபீஸருக்கு ஒரு சட்டம். நடுவிலே ஒருத்தன் இருக்கிறான் என்று வைத்துக்கொள். ஆபீஸருக்குக் கொடுக்கிறேன் என்று பணத்தை வாங்கிக்கொண்டு போகிறான். ஏதோ காரணத்தால் கொடுக்காமலே விட்டுவிட்டான். யாருக்கும் கெடுதல் இல்லை, ஆபீஸரும் சுத்தம். அந்த ஆளுக்கு அங்கே என்ன சொல்கிறார்கள்? செல்லப்பனுக்கும் எனக்கும் ஒரு பந்தயம், அதற்காகத்தான்.

மாமன்
முருகையன்


சமுத் சாகோன்
22 ஏப்ரல் 2025

மாமா,

உங்கள் நான்கு பக்கத்தைக் கனிட்டா மொழிபெயர்க்கக் கொடுத்துப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "உங்கள் மாமாவுக்கு உங்கள் மேல் ஏதாவது கோபமா?" என்று கேட்டார். பாசம்தான் என்றேன். "இதைத் தாக்கல் செய்தால் நீங்கள் உள்ளே போவது உறுதி" என்றார். அன்பளிப்பு என்ற உங்கள் சொல் ஒன்றே போதுமாம், கொடுத்தது உண்மை என்று ஆகிவிட. இங்கே உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து அதிகாரிகள் வழக்கமான நாள்களில் வாங்கும் அன்பளிப்புக்கே மூவாயிரம் பாட் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

மூன்று பேரைக் காப்பாற்றினேனாம். எனக்கு நீச்சல் தெரியாது மாமா.

உங்கள் பந்தயத்துக்குப் பதில். 144க்கு முந்திய பிரிவு, 143. அதிகாரியைத் தவறான வழியில் சரிக்கட்டித் தருகிறேன் என்று சொல்லி இன்னொருவரிடம் பணம் வாங்குகிற ஆளுக்கு அது. அந்த ஆள் பிறகு அதிகாரியைப் பார்த்தானா, கொடுத்தானா என்று சட்டம் கேட்பதில்லை. வாங்கினபோதே முடிந்துவிட்டது. என் பிரிவில் இருக்கிற அதே ஐந்து வருடம் வரை சிறை. செல்லப்பன் அண்ணனிடம் சொல்லுங்கள்.

இதைக் கனிட்டா எனக்கு வாசித்துக் காட்டியபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் பாஸ்போர்ட் எடுத்தது 2016இல். அம்மா கம்மலை அடகு வைத்து உங்களிடம் ஆறாயிரம் கொடுத்தாள். எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு பேரில் ஒருத்தர் பெயரையாவது நீங்கள் இதுவரை சொன்னதில்லை. கலெக்டர் ஜீப்பின் டிரைவர் பெயரைக் கூடச் சொல்கிறவர் நீங்கள்.

நான் கோபத்தில் கேட்கவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் அது வேறு. நீங்கள் உண்மையில் கொடுத்திருந்தால் நான் பழைய குற்றவாளி, ஜெயிலுக்குப் போவேன். கொடுக்கவில்லை என்றால் அதை நீங்கள் வக்கீல் முன்னால் சத்தியம் செய்து, நோட்டரி முத்திரையோடு அனுப்ப வேண்டும். பணம் கொடுத்தவள் என்பதால் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். உங்களை நன்றாகத் தெரிந்த இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மே மாதக் கடைசிக்குள் இங்கே வந்து சேர வேண்டும்.

வராவிட்டால் ஒரு வருடமாவது உள்ளே இருப்பேன் என்று கனிட்டா சொல்கிறார்.

கௌதமன்


மரக்காணம்
12 மே 2025

கௌதமா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உன் கடிதம் வந்து ஏழு நாள் நான் பேனாவை எடுக்கவில்லை.

நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தது ஒரே ஒரு சின்னப் பையன், புதுசாக வேலைக்குச் சேர்ந்த போலீஸ்காரன். தண்ணீர் வாங்கிக் குடித்தான். உன் பெயர், படிப்பு கேட்டான், பக்கத்து வீட்டில் கையெழுத்து வாங்கினான், போய்விட்டான். நான் சட்டைப் பையில் கவரை வைத்துக்கொண்டு, கேட்பான் கேட்பான் என்று அவன் பைக் வரைக்கும் நடந்தேன். கேட்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். அக்கா, "முடிஞ்சுதாடா? யார் யாருக்குக் குடுத்த?" என்றாள். அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? தம்பி இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்கிற முகம். ஒன்றும் கொடுக்காமலே முடிந்தது என்று சொல்லியிருந்தால், நான் எதற்கு? நாலு பேருக்கு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணம் என் மொபெட்டுக்கு முன்பணமாகப் போனது.

அதற்குப் பிறகு ஊரில் யார் எந்த ஆபீஸுக்குப் போனாலும் என்னைத்தான் கேட்டார்கள். நானும் சொன்னேன். மூன்றாம் பக்கம், நான்காம் பக்கம் என்று நான் உனக்குச் சொன்னது எங்கேயும் கற்றது இல்லை. அன்று காலையில் நீ பதற்றமாகக் கேட்டாய், டீக்கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேசும்போதே வாயில் வந்தது. நாட்காட்டியும் அப்படித்தான், எதிரே செல்லப்பன் கடைச் சுவரில் தொங்கியது. கவர் நீட்டுகிற துணிச்சல் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. இல்லாததை உனக்குச் சொல்லிக் கொடுத்து உன்னை அனுப்பியிருக்கிறேன்.

அக்காவிடம் அளத்திலேயே போய்ச் சொன்னேன். வீட்டில் சொல்ல பயம். அவள் பலகையால் உப்பைக் கரைக்கு இழுத்துக்கொண்டே கேட்டாள். முதலில் உன் வழக்கைச் சொன்னேன்.

"டவரு பழுதுன்னியேடா?"

"பொய்க்கா."

"எம் புள்ள உள்ள போயிடுவானா?"

"நான் நெசத்தைச் சொன்னா போகமாட்டான்."

"சொல்லேன்டா, என்ன நெசம்?"

ஆறாயிரத்தைச் சொன்னேன். பலகை நின்றுவிட்டது.

"ஒம்போது வருசம். அந்தக் கம்மல் முழுகியே போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிக்கினே தின்னியா?"

அவள் திரும்பவும் இழுக்க ஆரம்பித்தாள். ஒரு பாத்தியை முடித்துவிட்டு, "எந்த ஊர்ல கையெழுத்துப் போடணும்? திண்டிவனமா? சேலை மாத்திக்கினு வர்றேன், இரு" என்றாள். மொபெட்டில் ஏற மாட்டேன் என்று பஸ்ஸில் வந்தாள்.

என்னை நன்றாகத் தெரிந்த ஆள் என்றால் செல்லப்பன்தான். அவன் கடையில்தானே எல்லாவற்றையும் அளந்தேன். நோட்டரி வக்கீல் தட்டச்சு செய்து, எங்கள் மூன்று பேர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். 'மேற்படி நான் எந்த அரசு ஊழியருக்கும் எப்போதும் பணம் கொடுத்ததில்லை, கொடுத்ததாகச் சொன்னவை அனைத்தும் பொய்.' செல்லப்பன் என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து, "அப்போ அந்தக் கலெக்டரு ஜீப்பு?" என்றான். அதுவும்தான் என்றேன். அவன் முகம்தான் ரொம்ப வாடிவிட்டது மாப்பிள்ளை, என்னைவிட.

பத்திரம் இதனுடன் இருக்கிறது. ஒரே பக்கம். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

முருகையன்


சமுத் சாகோன்
13 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரம் மே 27இல் வந்து சேர்ந்தது. விசாரணை அதிகாரி அதைத் தன் அறிக்கையோடு இணைத்தார். நேற்று முன்தினம் தீர்ப்பு. ஒரு வருடச் சிறை, ஒப்புக்கொண்டதால் ஆறு மாதம், அதையும் இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அபராதம் கட்டிவிட்டேன். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. வேலை போய்விட்டது, விசாவை இனி நீட்டிக்க மாட்டார்கள். ஜூலை முதல் வாரம் ஊருக்கு வருகிறேன். அம்மாவிடம் நேற்றே போனில் சொன்னேன், அவள் அழுதாள்.

கோர்ட்டில் நீங்கள் சொன்னதால் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. கனிட்டா சொல்லச் சொன்னார். ஆனால் கவர் வாங்கியது நான், ஒட்டியது நான். உங்கள் பேச்சு பொய் என்று எனக்கு உள்ளுக்குள் எப்போதும் கொஞ்சம் தெரியும். அன்று காலையில் மட்டும் அது உண்மையாக இருந்தால் நல்லது என்று இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான்கு நாள் தாமதத்துக்கான அபராதம் அப்படியே நின்றது இல்லையா? நேற்று அதே ஆபீஸுக்குப் போனேன். அதே கவுண்டர், அதே மனிதர். என் வயதுதான் இருக்கும். மேசையோரத்தில் துணியில் சுற்றிய சாப்பாட்டு டப்பா. இரண்டாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். வேறு யாரையும் பார்ப்பதுபோலத்தான் என்னையும் பார்த்தார்.

வெளியே வந்ததும் கனிட்டாவிடம் கேட்டேன், அவர் அன்று அந்தக் கவரைத் தானே வைத்துக்கொண்டிருந்தால்? 149ஆம் பிரிவு என்றார். வாங்குகிற அரசு ஊழியருக்குக் குறைந்தது ஐந்து வருடம், ஆயுள் வரை போகலாம், சட்டத்தில் மரண தண்டனையும் எழுதியிருக்கிறது. நான் ஒரு நிமிஷமும் அந்த மனிதரைப் பற்றி நினைக்கவே இல்லை மாமா. என் நான்கு நாளுக்காக எதை அவர் மேசையில் வைத்திருக்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அவர் முகத்தைப் பார்த்திருந்தால் வைத்திருக்க மாட்டேனோ என்னவோ.

உங்கள் மேல் கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. நேரில் பார்த்தால்தான் தெரியும்.

கௌதமன்


மரக்காணம்
25 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு,

நீ கிளம்புவதற்குள் இது கிடைக்க வேண்டும் என்று ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். அக்கா ஊரெல்லாம் நீ வருவதைச் சொல்லிவிட்டாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. மொபெட்டை விற்றுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

டீக்கடையில் நான் பேசினால் இப்போது யாரும் நம்புவதில்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்றால்கூட வெளியே எட்டிப் பார்க்கிறார்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. நேற்று கடற்கரைக் குப்பத்திலிருந்து பாஞ்சாலை என்கிற பெண் வந்தாள். புருஷன் இறந்து ஆறு மாதம். விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட வேண்டும். என் பத்திரக் கதை குப்பம் வரைக்கும் போகவில்லை போலிருக்கிறது. சுருட்டிய நோட்டை நீட்டி, "அண்ணா, ஆபீஸ்ல குடுக்கறதுக்கு இது போதுமா பாருங்க" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்மா. மனு எழுதி, சர்டிபிகேட் வெச்சு, வரிசையில நின்னா போதும்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் பொரட்டட்டுமாண்ணா?"

"இல்லம்மா, நெசமாவே வேணாம்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வாசலில் நின்று கூட வந்தவளிடம், "இவரால இப்போ முடியாது போலக்குது, வேற ஆளைப் பார்க்கலாம் வா" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் அவ்வளவு பொய் சொன்னபோது கும்பிட்ட ஊர், ஒரு நிஜத்தைச் சொன்னதும் வேறு ஆளைத் தேடுகிறது. அந்த வேறு ஆள் வாங்கிக்கொள்வான். ஆபீஸில் இருப்பவன் கேட்டிருக்கவே மாட்டான். அவளுக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது. நான் அக்காவுக்குச் செய்தது அதைத்தான்.

அதனால் மனுவை நானே எழுதி வைத்திருக்கிறேன், என்னென்ன சர்டிபிகேட் வேண்டும் என்று பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன். நாளை விடிந்ததும் குப்பத்துக்கு நடந்துபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு, ஆபீஸ் திறப்பதற்குள் வரிசையில் போய் நின்று அவளுக்கு இடம் பிடிக்கப் போகிறேன். வருவாளோ வரமாட்டாளோ, தெரியாது. ஆபீஸ் மூடுகிறவரைக்கும் நிற்பேன்.

முருகையன்